ஆணி அடிக்காத சுவர்

சாய்கிறது, மெதுவாகத்தான் சாய்கிறது, பெரியவர்கள் காலில் விழ வரும் கல்யாணப் பெண்ணைப் போல முதலில் தலையைக் குனிந்து, பிறகு முழு உடம்பையும் முன்னால் கொடுத்து, ஆறு தட்டிலும் இருப்பதை ஒவ்வொன்றாகக் கீழே விட்டுக்கொண்டு அந்த அலமாரி வருகிறது, சத்தமே இல்லை, நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறேன், எட்டவில்லை, காதில் யாரோ நம்பர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், இப்படித்தான் நாற்பத்தேழு வருஷமாக என் மத்தியானத் தூக்கத்தில் அது விழுந்துகொண்டிருக்கிறது, விழுந்து முடித்ததை ஒருநாளும் கண்டதில்லை, அது நிஜமாக விழுந்த அன்றும் நான் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன்.

அப்போது கோயமுத்தூர் டிரங்க் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்ப் போன்களை இணைத்துக் கொடுக்கிற இடத்தில், எனக்குப் பகல் டூட்டி, ஊர் உலகத்துச் சாவும் கல்யாணமும் பருத்தி விலையும் என் காது வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன, முகம் ஒன்றுகூடத் தெரியாது, குரல் மட்டும்தான், அதனாலோ என்னவோ இன்றைக்கும் நான் எதை நினைத்தாலும் யாராவது பேசுவதாகத்தான் நினைவு வருகிறது, அன்றைக்கு சூப்பர்வைசர் அம்மாள் என் தோளைத் தொட்டு, உனக்குத்தான், பேசு என்றாள், எனக்கு யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன், பக்கத்து வீட்டு மரகதக்கா, மருந்துக் கடையிலிருந்து பேசுகிறாள், பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்பதுகூடக் கேட்கிறது, கண்ணு, பதறாம கேளு, வசு மேல அந்த அலமாரி உழுந்துருச்சு, மூச்சு இருக்குது, பேசறா, காதுல ரத்தம் வருது, நீ நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்துரு என்றாள், மூச்சு இருக்குது என்று ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது, மற்றதெல்லாம் பஸ்ஸில் போகும்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது.

வசுந்தராவுக்கு அப்போது ஆறு வயது, மேல்தட்டில் இருந்த கலர் பென்சில் டப்பாவுக்காக ஏறியிருக்கிறாள், ஏணி மாதிரி ஒவ்வொரு தட்டாகக் கால் வைத்து, மூன்றாவது தட்டுக்குப் போனதும் அது அவளையும் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டது, மூன்று வாரம் ஆஸ்பத்திரி, பிழைத்துக்கொண்டாள், இடது காது மட்டும் போய்விட்டது, ஊரெல்லாம் பேசுவதை இணைத்து வைக்கிறவளின் மகளுக்கு ஒரு காது கேட்காது, இன்றைக்கு அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, ஓசூரில் பாங்கு வேலை, போனில் கூப்பிட்டால் முதல் வார்த்தை எப்போதும் இரும்மா, காது மாத்திக்கறேன் என்பதுதான், அதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.

அந்த அலமாரி அவர் வாங்கி வந்தது, என் வீட்டுக்காரர், மில் ஸ்டோரில் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது கொண்டுவந்தார், அவரை விட ஒரு முழம் உயரம், நல்ல தேக்கு, ஆனால் நாங்கள் இருந்த, ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் தரை சாக்கடைப் பக்கமாகச் சரிவு, கழுவி விட்டால் தண்ணீர் தானாக ஓட வேண்டுமல்லவா, அதற்காக முன்கால் இரண்டுக்கும் அட்டையை மடித்து வைத்திருந்தார், மரகதக்காவின் புருஷன் மில் ஃபிட்டர், வந்து பார்த்த அன்றே சொன்னார், மேல ஒரே ஒரு ஆணி, ஒரு கம்பி, சுவத்தோட கட்டிருங்க, இல்லீனா என்னைக்கோ ஒரு நாள் வந்துரும் என்று, கட்டியிருக்கலாம், ஆனால் வீட்டு ஓனர் சென்னியப்பன் சாவி கொடுக்கிற அன்றைக்கே சொல்லிவிட்டார், எல்லாம் உங்க வீடு மாதிரி இருந்துக்குங்க, சுவத்துல மட்டும் ஆணி அடிக்கப்படாது என்று, அதனால் அந்த வீட்டில் நாங்கள் இருந்த மூன்று வருஷமும் ஓர் ஆணி கிடையாது, நாள்காட்டி ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கும், கண்ணாடி ஜன்னல் விளிம்பில் சாய்ந்திருக்கும், முருகன் படம் மாவு டப்பாவுக்கு முதுகு கொடுத்து நிற்கும், வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்க மாட்டார்கள், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான், வாடகை வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் சுவர் என்பது தொடாமல் சுற்றி வர வேண்டிய ஒன்று.

அப்புறம் நாங்கள் சென்னியப்பனைத் திட்டித் தீர்த்தோம், ஒரு ஆணிக்கு வழி விடாத மனுசன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், புள்ளை காதை வாங்கிட்டான் பாவி என்று நான் சொல்வேன், உறவுக்காரர்களிடம், ஆபீசில், வசு பெரியவளானதும் அவளிடமும், சொல்லிச் சொல்லி அது அப்படியே நடந்ததாகவே ஆகிவிட்டது, ஆனால் நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும், சென்னியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஓர் ஆர்லிக்ஸ் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து என் வீட்டுக்காரரிடம், கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பனுங்க என்றார், அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் திரைத்துணிக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன், என் காதிலும் விழுந்தது, ஆமாம், நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை, ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, கேட்டால் முகம் சுளித்துவிடுவாரோ, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று கேட்காமலே இருந்துவிட்டோம், அந்த ஒரு வார்த்தையை நானும் என் வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு எங்களுக்குள் பேசியதே இல்லை, அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, கடைசி வரைக்கும் இல்லை.

கோயமுத்தூரிலேயே கணபதியில் சொந்தமாக இந்த வீட்டைக் கட்டும்போது என் வீட்டுக்காரர் காலையும் சாயங்காலமும் தானே குழாய் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் அடித்தார், குளிப்பாட்டுவது போல, மேல் மாடியை வாடகைக்கு விடுவது என்று முடிவானதும் பத்திரத்தாளை விரித்து வைத்து நிபந்தனைகளை எழுதினார், தண்ணீர், மின்சாரம், அட்வான்ஸ், காலி செய்யும் நோட்டீஸ், ஐந்தாவதாக அவர் பேனா தானாகவே எழுதியது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, நான் பக்கத்தில் நின்று படித்தேன், அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நான் காபி ஆறுது என்றேன், அதற்கப்புறம் எத்தனை குடும்பம் வந்து போய்விட்டது, ஒவ்வொருவருக்கும் சாவி கொடுக்கும்போது என் வாயும் சொல்லும், எல்லாம் உங்க வீடு மாதிரி இருந்துக்குங்க, சுவத்துல மட்டும், சொல்லி முடித்த பிறகுதான் அது யார் குரல் என்று எனக்குத் தெரியும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாடிக்குக் குடிவந்த சுகந்திக்கும் சொன்னேன், அவள் இடுப்பில் இருந்த குழந்தையும் சேர்ந்து தலையாட்டியது.

சுகந்தியும் அவள் புருஷன் தினகரும் இதற்கு முன்னால் இருந்த வீட்டைக் காலி பண்ணியதே குழந்தை சுவரில் கிறுக்கிவிட்டது என்பதற்காகத்தான், இதழினி என்று பேர், இப்போது மூன்றரை வயது, ஏறாத இடமில்லை, ஜன்னல் கம்பி, தண்ணீர் டிரம், மாடிக் கைப்பிடி, ஒரு நாள் தோசைக்கல்லைத் தேடிக்கொண்டு அடுப்பு மேடையில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கென்று உள்ளறையைத் தயார் பண்ணப் போகிறோம், சாமான் பார்க்கப் போகிறோம், நீங்களும் வாங்கம்மா, நாலு மரச்சாமான் பார்த்தவங்க என்று சுகந்தி கூப்பிட்டாள், போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனோம், பெரிய கடை, கண்ணாடி பளபளவென்று, உள்ளே ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொய் வீடு, பொய்ப் படுக்கையறை, புத்தகமே இல்லாத படிப்பு மேஜை, நான் நினைத்தேன் இவள் நிறத்தைத்தான் பார்ப்பாள் என்று, இல்லை, ஒவ்வொரு மேஜையின் நான்கு முனையையும் உள்ளங்கையால் தடவினாள், கூர்மையாக இருந்தால் அடுத்ததற்குப் போய்விட்டாள், அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தாள், பசை வாசனை இத்தனை அடிச்சா ராத்திரி புள்ளை எப்படிங்க தூங்கும் என்றாள், விற்கிற பையன் இது தூளை அழுத்திச் செய்த பலகை, அது பிளைவுட், தண்ணி பட்டா இது ஊதிரும், அது ஊதாது என்று விளக்கினான், இவள் அது சரிங்க, கடிச்சா பெயிண்ட் வாயில வருமா, எம்புள்ளை கட்டிலைக் கடிப்பா என்றாள், அவனுக்குச் சிரிப்பு, எனக்குப் பெருமை, யாரோ பெற்ற பெண், எனக்கெதற்குப் பெருமை, இருந்தாலும் இருந்தது, நாங்கள் அன்றைக்கு ஒன்றைக்கூடத் தடவிப் பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை, தேக்கு என்றதும் தூக்கி வந்தோம்.

கட்டில் முடிவாயிற்று, தரையோடு தாழ்ந்தது, ஓரத்தில் தடுப்பு, மேஜையும் முடிவாயிற்று, குழந்தை வளர வளரக் காலை உயர்த்திக்கொள்ளலாம், அப்புறம் அந்த அலமாரி, பெட்டி பெட்டியாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கியது, கீழே மூன்று இழுப்பறை, மேலே திறந்த தட்டு, வேண்டும்போது பிரிக்கலாம், வேறு மாதிரி அடுக்கலாம், வீடு மாத்தறப்பவும் கழட்டிட்டுப் போயிரலாங்க என்று பையன் சொன்னதும் சுகந்தியின் முகம் மலர்ந்தது, அறை சின்னது, அகலம் கிடையாது, உயரமாக இருந்தால்தான் எல்லாம் அடங்கும், இழுப்பறையை முழுக்க இழுத்துப் பார்த்தாள், கையோடு வந்துவிடவில்லை, விரல் நசுங்காமல் மெல்ல மூடிக்கொண்டது, இதுதாங்க என்றாள், அப்போது அவன் சொன்னான், ஒண்ணு மட்டுங்க, இதைச் சுவத்தோட புடிச்சிரோணும், குழந்தை இருக்கற வீடுன்னா கட்டாயம், கிளாம்ப் நாங்களே தர்றோம், சுகந்தி என்னைப் பார்த்தாள், இமை ஒரு தடவை மூடித் திறக்கிற நேரம்தான், உடனே அவனிடம் திரும்பி, அதெல்லாம் வேண்டாங்க, வெயிட்டெல்லாம் அடியில வெச்சுக்கறோம் என்றாள், நான் பக்கத்துக் கட்டிலில் விரித்திருந்த யானை போட்ட போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்ல வேண்டியது நாக்கு வரைக்கும் வந்தது, நாக்கு வரைக்கும் வந்ததை மாற்றி நான் யானை நல்லா இருக்குது என்று சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் சாமான் வந்தது, பொருத்துகிறவர் அபுதாகிர் என்று ஒருத்தர், தாடி நரைத்தவர், படியேறும்போதே சலாம் சொல்லிவிட்டுப் போனார், நான் கீழே கீரை ஆய்ந்துகொண்டு மேலே கேட்டுக்கொண்டிருந்தேன், அட்டை கிழிகிறது, ரப்பர் சுத்தியல் தட்டுகிறது, கட்டில் நகர்கிறது, இப்போது பெட்டியை அடுக்குகிறார்கள், இப்போது திருகுகிறார்கள், எனக்கு வேண்டியது டிரில் சத்தம், அது வந்தால் போய் என்ன சத்தம் என்று கேட்கிற மாதிரி கேட்டு, அடிச்சுக்குங்க என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், வரவில்லை, பதினொன்றாயிற்று, கீரை முழுக்க ஆய்ந்தாயிற்று, அபுதாகிர் இறங்கி வந்து வாசல் கேட் பக்கத்தில் நின்று ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை நீட்டினார், கிளாம்ப்புங்கம்மா, மேல வேண்டாம்னுட்டாங்க, தூக்கிப் போட மனசு வரல, நீங்க எதுக்காச்சும் வெச்சுக்குங்க, டீ குடிச்சிட்டுக் கெளம்பறேன் என்றார், இரண்டு இரும்பு மடக்கு, நாலு திருகாணி, சாம்பல் நிறத்தில் நாலு பிளாஸ்டிக் கட்டை, உள்ளங்கையில் அடங்குகிற கனம், நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு இதில் பாதிகூடத் தேவைப்பட்டிருக்காது.

பதினெட்டுப் படி, மூட்டு வலியோடு ஏறினேன், கதவு திறந்திருந்தது, உள்ளறையில் சுகந்தி ஸ்டூல் மேல் நின்றுகொண்டு அலமாரியின் தலையிலிருந்து ஒரு நீல நைலான் கயிற்றை, துணி காயப்போடுகிற கயிற்றை, ஜன்னல் கம்பிக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள், முடிச்சு மேல் முடிச்சு, ஏழெட்டு முடிச்சு, என் கண்ணுக்கு அந்த ஜன்னலில் எங்கள் பழைய நாள்காட்டி தொங்கியது, பின்னால் மாவு டப்பா, முருகன், என்ன அம்மிணி இது என்றேன், அவள் திரும்பிப் பார்த்துப் பதறி இறங்கினாள், சும்மாங்கம்மா, ஒரு பாதுகாப்புக்கு, கயிறு கம்பியை மட்டுந்தானுங்க தொடுது, சுவத்தைத் தொடவே இல்லீங்க என்றாள், கயிற்றை விரலால் தொட்டேன், கொடி தளர்வது போல அப்போதே தொய்ந்துதான் இருந்தது, ஏன் அம்மிணி எங்கிட்டக் கேக்கல என்றேன், அவள் கீழே கிடந்த அட்டையை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள், பிறகு சொன்னாள், கேட்டு நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னா, அதுக்கப்புறம் தெரிஞ்சே இந்த வீட்டுல புள்ளைய வெச்சிருக்க முடியாதுங்கம்மா, மறுபடி வீடு தேடோணும், அவரு தேடிட்டுத்தான் இருக்காரு, எனக்குத்தான் போக மனசில்ல, கேக்காம இருந்தா இருந்துக்கலாம்னு பாத்தேன்.

கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன், என் தொண்டையில் அது தயாராக இருந்தது, அத்தனை சுலபமாக, அத்தனை நியாயமாக, சொல்லியிருந்தால் நான் நல்லவளாகி இருப்பேன், தப்பு முழுக்க அவள் பக்கம் போயிருக்கும், ஆர்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு இதைத்தானே அந்த மனிதரும் சொன்னார், கேட்கவே முடியாதபடி முதல் நாளே வாயை அடைத்துவிட்டு, கேட்டிருந்தா என்று, எங்கள் பயத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு, ஆனால் அந்தப் பயத்தை ஐந்தாவது நிபந்தனையாக எழுதி நான் அடுத்தவளுக்குக் கொடுத்திருக்கிறேனே, அதற்கு யார் பொறுப்பு, பையை அவள் கையில் வைத்தேன், நீ கேக்கற மாதிரி நான் வெச்சுக்கல அம்மிணி, தப்பு எம்மேலதான், அந்தக் கயித்தை அவுறு, அபுதாகிர் டீக்கடையிலதான் இருப்பாரு, போன் போட்டுக் கூப்புடு, ஆணி அடிக்கட்டும் என்றேன், அவள் அம்மா, நிசமாவாங்க என்று கேட்டாள், அவள் கேட்டதில் சந்தேகத்தை விடக் களைப்புதான் அதிகம், எத்தனை நாளாக ஒரு பக்கமாகவே சாய்ந்து தாங்கிக்கொண்டிருந்தாளோ.

அபுதாகிர் டிரில்லோடு வந்து சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், வயர் எங்க போகுதுன்னு தெரியுங்களாம்மா, பாத்து ஓட்டை போடோணும் என்றார், தெரியும், எனக்குத் தெரியும், பூசுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிவந்து காட்டினார், இங்க வயர், இங்க பைப்பு, நாளைக்கு நான் இல்லீன்னாலும் உனக்குத் தெரியோணும் என்று, சுவரில் உள்ளங்கையை வைத்தேன், இதுக்கு வலப் பக்கம் வராதீங்க, இடப் பக்கம் ஒரு சாண் தள்ளி முழுச் செங்கல் என்றேன், டிரில் உள்ளே போயிற்று, வெள்ளைப் பூச்சு உதிர்ந்து சிவப்புத் தூள் வந்தது, அவர் தண்ணீர் விட்டு வளர்த்த சுவர், எனக்கு வலிக்கும் என்று நினைத்திருந்தேன், எட்டு மணி நேர டூட்டி முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியதும் காது மடலில் காற்றுப் படுமே, அப்படித்தான் இருந்தது, அந்தச் சத்தத்துக்கு நடுவில் மடியிலிருந்த போன் அதிர்ந்தது, வசு, இரும்மா, காது மாத்திக்கறேன், என்ன அங்க இத்தனை சத்தம் என்றாள், மாடியில அலமாரிக்கு ஆணி அடிக்கறோம் என்றேன், நம்ம வீட்டுலயா என்று கேட்டாள், நான் முன் அறைக்கு வந்து, இத்தனை வருஷம் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னேன், வசு, அந்த சென்னியப்பன் வேண்டாம்னு சொல்லவே இல்ல கண்ணு, நாங்க அவரைக் கேக்கவே இல்ல, அந்தப் பக்கம் ஓசூரில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அவள் சொன்னாள், தெரியும்மா, அவரு ஆர்லிக்ஸ் கொண்டாந்தப்ப நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன், ஒரு காது நல்லாத்தான இருந்துச்சு.

அப்புறம் ஏன்டி இத்தனை வருஷம் சொல்லல என்றேன், நீங்க ரெண்டு பேரும் அவரைத் திட்டிட்டு எப்படியோ சோறு தின்னுட்டு இருந்தீங்க, அதை நான் எதுக்குக் கெடுக்கோணும், அதும் போக ஏறினது நான்தானம்மா, நீங்க ஒரு நாளும் என்னைய ஏன்டி ஏறுனேன்னு கேட்டதில்ல, அது போதும் எனக்கு, சரி, நல்லா இறுக்கச் சொல்லு, ரெண்டு பக்கமும் போட்டாங்களா என்றாள், ரெண்டு பக்கமும்தான் என்றேன், அழறியாம்மா என்று கேட்டாள், இல்லை, செங்கல் தூசி என்றேன், முன் அறைக்குத் தூசி வரவில்லை என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூட வேனிலிருந்து இதழினி வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் ரூமு, என் ரூமு என்று ஓடியவள் கட்டிலைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்க்கவில்லை, நேராக அலமாரிக்குப் போய்க் கீழ் இழுப்பறையை இழுத்து அதில் ஒரு கால், அடுத்ததை இழுத்து அதில் ஒரு கால், மூன்றாவதில் முட்டி, மேல்தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழு உடம்பையும் பின்னால் சாய்த்துத் தொங்கினாள், சுகந்தி கத்தவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள், அபுதாகிர் கையைக் குறுக்கே நீட்டி, விடுங்க, பாத்துருவோம் என்றார், நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறேன், குழந்தையின் காலிலிருந்து ஒரு செருப்பு நழுவித் தரையில் விழுகிறது, அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கிறது, அலமாரி அப்படியே நிற்கிறது, அவள் ஒரு தடவை குலுக்கிப் பார்க்கிறாள், இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு குலுக்கிப் பார்க்கிறாள், போங்க, இது ஆடவே மாட்டேங்குது என்று அலுத்துக்கொண்டு, வந்த வழியே ஒவ்வொரு காலாக இறங்கி, எனக்குப் பசிக்குது என்று சமையலறைக்குப் போய்விடுகிறாள், அறையில் நாங்கள் மூன்று பேரும், திறந்து கிடக்கும் மூன்று இழுப்பறையும், ஒற்றைச் செருப்பும், நீட்டிய என் கை இரண்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன, அவற்றில் வந்து விழ எதுவும் இல்லை.